காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது? படக்காட்சிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய படக்காட்சிக் குழுவினருக்கு, குறிப்பாகத் தலைவி அக்காவுக்கும் பொருளாளர் அண்ணனுக்கும்,

வணக்கம். உங்கள் மறுப்புக் கடிதம் போன வாரம் கைக்கு வந்தது. மூன்றே வரி, அதுவும் நல்ல தமிழில். சனிக்கிழமை வகுப்பில் என் காதைத் திருகி ர-வும் ற-வும் சொல்லிக்கொடுத்த அதே கை எழுதியது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதனால் பதிலையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் நம் தென்னாப்பிரிக்க டர்பனில் இன்னும் பத்துப் பேர் கூடுதலாகப் படிப்பார்கள்தான். ஆனால் தமிழில் 'முடியாது' என்றவர்களிடம் ஆங்கிலத்தில் வழக்காடினால் பாதித் தோல்வியை முதலிலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து அனுப்புங்கள். எனக்குப் பழக்கம்தான்.

மற்றவர்களும் படிக்கப்போவதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளை ஒட்டி மியர்பேங்கில் நம் மண்டபத்தில் 'ஆன் டெட்லி கிரவுண்ட்' என்ற படத்தைப் போடலாம் என்று கேட்டேன். நீங்கள் மறுத்தீர்கள். முதல் வரியில் படம் மட்டமானது என்று இருந்தது. இரண்டாவது வரியில் அடிதடி அதிகம் என்று இருந்தது. மூன்றாவது வரி, "சிலர் மனம் புண்படக்கூடும்." அந்த மூன்றாவதுக்குக் கடைசியில் வருகிறேன். இந்த மடலே அதற்காகத்தான்.

படம் மட்டம் என்பதில் நமக்குள் சண்டையே இல்லை. 1994-இல் வந்த படம். ஸ்டீவன் சீகல் தானே நாயகனாக நடித்துத் தானே இயக்கிய முதல் படம். அந்த வருஷத்தின் மிக மோசமான இயக்குநர் என்று ராஸி விருது கொடுத்தார்கள். அதை நான் முழு மனதோடு வழிமொழிகிறேன். கதையைச் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள்.

அலாஸ்காவில் ஓர் எண்ணெய்க் கம்பெனி. நம் நாயகன் அந்தக் கம்பெனிக்கே எண்ணெய்க் கிணற்றுத் தீயை அணைத்துக் கொடுக்கும் ஆள். பழங்குடி மக்களிடமிருந்து வாங்கிய நிலத்தில் குறித்த நாளுக்குள் எண்ணெய் எடுக்கத் தொடங்காவிட்டால் உரிமை அவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அதனால் முதலாளி அவசரப்படுகிறார், மட்டமான கருவிகளைப் பொருத்தச் சொல்கிறார். உண்மையைக் கண்டுபிடித்த நாயகனைக் குண்டு வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள். பழங்குடியினர் காப்பாற்றுகிறார்கள். நாயகன் மயக்கத்தில் ஒரு கனவு காண்கிறான். கனவில் கரடி வருகிறது, இன்னும் சிலவும் வருகின்றன (அந்தப் பகுதியை ஓட்டிவிடலாம், ரிமோட் என் கையில்தான் இருக்கும்). எழுந்ததும் அவனுக்கு ஞானம் பிறந்துவிடுகிறது. இயற்கையைக் காக்க வேண்டும். எப்படி? அந்த எண்ணெய் ஆலை முழுவதையும் வெடிவைத்துத் தகர்த்து.

ஆமாம் அக்கா. எண்ணெய் மாசைத் தடுக்க எண்ணெய் ஆலையைக் கொளுத்துகிறார். திரை முழுக்கக் கரும்புகை. அப்புறம் சட்டமன்றக் கட்டடத்துக்குப் போய், கோட் போட்டுக்கொண்டு, சுற்றுச்சூழலைப் பற்றி நிமிடக்கணக்கில் சொற்பொழிவு ஆற்றுகிறார். கைது கிடையாது. கேள்வி கேட்பார் கிடையாது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். கடைசிக் காட்சியில் கேமராவைப் பார்த்து நாட்டுக்கு உபதேசம் செய்வது நம் சென்னைக்காரர்களின் ஏகபோகம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கிடையாது.

இன்னும் இருக்கிறது. முதலாளியாக வருபவர் மைக்கேல் கெய்ன், உலகம் மதிக்கும் நடிகர். தலைமுடிக்குக் கன்னங்கரேலென்று சாயம் பூசிக்கொண்டு, இந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்ற திகைப்போடு வசனம் பேசுகிறார். அலாஸ்காப் பழங்குடித் தலைவரின் மகளாக நடிப்பவர் ஷாங்காயில் பிறந்த ஜோன் சென். குடிக்கடையில் ஒரு முரடனை நாயகன் அடித்து நொறுக்கிவிட்டு, மனிதனை மாற்ற என்ன வேண்டும் என்று தத்துவம் கேட்கிறான். அடிபட்டவன் மூக்கில் ரத்தம் வடிய வடிய யோசித்துப் பதில் சொல்கிறான். இவ்வளவு முகத்தை இறுக்கிக்கொண்டு எடுத்த நகைச்சுவைப் படத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இரண்டாவது வரி, அடிதடி. இதை நீங்கள் எழுதியிருக்கவே கூடாது அண்ணா. நம் கோயில் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இந்த ஊரில் அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பேரே வைத்துவிட்டார்கள். துச்சாதனன் ரத்தத்தைத் திரௌபதி கூந்தலில் தடவுவதை ஐந்து வயதில் பார்த்துவிட்டு, உங்கள் மடியிலேயே தூங்கியிருக்கிறேன். காவடியில் முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுப்பதைப் பிள்ளைகள் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டே பார்க்கிறார்கள். சீகலின் அறை அவர்களை என்ன செய்துவிடும்?

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். முனைக்கடையில் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட். எத்தனையோ கை மாறி வந்ததால் படத்தின் மேல்பாதி அலை அடிக்கும். வீட்டில் தாத்தா, ஆயா, மாமா, நாங்கள் பிள்ளைகள் ஆறு பேர். ஜன்னலுக்கு வெளியே, வழக்கம்போல, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீக்கொழுந்து எரிந்துகொண்டிருந்தது. (சின்ன வயதில் அதைக் கார்த்திகைச் சொக்கப்பனை என்று நினைத்தேன். மற்ற ஊர்களில் வருஷத்துக்கு ஒரு நாள், நமக்கு மட்டும் தினமும் என்று பெருமை வேறு.) தாத்தா கிரே தெரு ஷா ஜஹானில் எம்.ஜி.ஆர். படங்கள் பார்த்து வளர்ந்த ரசிகர். ஒரே ஆள் ஐம்பது பேரை அடிப்பதில் அவருக்கு எந்த ஆட்சேபமும் இருந்ததில்லை. ஆலை வெடித்தது. நாங்கள் விசில் அடித்தோம். திரையெல்லாம் ஆரஞ்சு, அப்புறம் கருப்பு. தாத்தா மட்டும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து கேட்டார்:

"அது சரி. காத்து எந்தப் பக்கம் அடிக்குது?"

அறையில் ஒரு நொடி சத்தமே இல்லை. அப்புறம் மாமா சிரிக்கத் தொடங்கினார், ஆயா சிரித்தார், கடைசியில் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தக் கேள்வி ஹாலிவுட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எத்தனையோ கோடி கொட்டி எடுத்த படத்தில், காமெரா பிடித்தவருக்கும் தோன்றவில்லை, சொற்பொழிவு ஆற்றியவருக்கும் தோன்றவில்லை. மியர்பேங்கில் ஒரு கிழவருக்குத் தோன்றியது, ஏனென்றால் அவர் அதைத் தினமும் கேட்டுப் பழகியவர். நம் ஊர் இரண்டு சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் வைக்கப்பட்ட ஊர். வடகிழக்குக் காற்றுக்கு ஓர் ஆலை, தென்மேற்குக் காற்றுக்கு இன்னொன்று. இடைவெளியை நிரப்ப ஒரு காகித ஆலை. பக்கத்து ஊரான வென்ட்வொர்த்தின் ஆலை 1950-களில் ஸ்டான்வாக் என்ற பெயரில் தொடங்கியது, பிறகு மொபில், அதன் பிறகு எஞ்சன். இன்னோர் ஆலையான சாப்ரெஃப் 1960-களில் வந்தது. இனத்துக்கு ஓர் இடம் என்று பிரித்த நிறவெறிக் காலத்துக் குழுவாரிக் குடியிருப்புச் சட்டத்தில் நம்மவர்களுக்கும் வென்ட்வொர்த்காரர்களுக்கும் ஒதுக்கிய இடம் இந்த வேலியோரம்தான்.

போன வருஷம் நீங்கள் போட்ட ஆவணப்படம் நல்ல படம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. துருவப் பனி உருகுவதை அவ்வளவு அழகாக எடுத்திருந்தார்கள். நாற்பது பேர் வந்தார்கள். பாதிப் படத்தில் சமோசா வாசம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் வெளியே போனார்கள். கடைசி வரை இருந்த பதினொரு பேரில் இரண்டு பேர் தூங்கினார்கள். படம் முடிந்ததும் "கேள்விகள் இருக்கிறதா?" என்று கேட்டீர்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? குரல் கொடுத்தவர் எல்லாம் தெரிந்தவர். நாம் எல்லாம் தெரியாதவர்கள். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், பள்ளிக்கூடத்தில் இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி.

மட்டமான படத்தில் இந்தத் தொந்தரவு கிடையாது. படம் நம்மை விட முட்டாளாக இருந்தால் நமக்கு வாய் வந்துவிடுகிறது.

என் மாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லாருக்கும் தெரிந்தவர்தான். முப்பது வருஷம் ஃபிட்டர். டர்பனிலும் வெளியூர்களிலும் ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலை எங்கே நடந்தாலும் பையைத் தூக்கிக்கொண்டு போனவர். ஆவணப்படத்துக்கு வரமாட்டேன் என்றார். 'ஆன் டெட்லி கிரவுண்ட்' என்றால் இன்றைக்கும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். படம் ஓடும்போது அவர் சும்மா இருக்கமாட்டார். "டேய், தலைக்கவசம் எங்கேடா?" "அந்த வால்வு அந்தப் பக்கம் திரும்பாது." "இவ்வளவு பெரிய இடத்தில் ராத்திரி ஷிஃப்டுக்கு நாலு பேர்தானா?" கூத்தில் கட்டியக்காரன் ராஜாவைப் பார்த்து ஏடாகூடமாகக் கேள்வி கேட்பானே, அந்த வேலையைத்தான் மாமா சீகலுக்குச் செய்கிறார்.

படத்தில் மட்டமான கருவி என்று சொல்லப்படுவது பிரிவென்டர். கிணற்று வாயில் பொருத்துவது. உள்ளிருந்து எண்ணெயும் வாயுவும் திமிறிக்கொண்டு வந்தால் குழாயை நெரித்து மூடும் இயந்திரம். போன தீபாவளிக்கு மறுபடி பார்த்தபோது மாமா அந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார். "இதைத்தான் கவனிக்கணும்" என்றார். 2010 ஏப்ரலில் மெக்ஸிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தது. பதினொரு பேர் செத்தார்கள். 87 நாள் எண்ணெய் கடலில் கொட்டியது. அங்கேயும் கடைசிக் காவலாக இருந்தது அதே பிரிவென்டர்தான், அதுவும் கிணற்றை மூடவில்லை. கால அட்டவணையில் பின்தங்கிய கிணறு, செலவுக் கணக்கு பார்த்த மேலிடம். கரடிக் கனவு காணும் ஒரு படம் பதினாறு வருஷத்துக்கு முன்னாலேயே சரியான கருவியின் மேல் விரலை வைத்திருக்கிறது! மாமா அரைமணி நேரம் பேசினார். என் மகள் அவ்வளவு நேரம் போனைத் தொடவில்லை. இதைவிடப் பெரிய சான்றிதழ் என்னிடம் இல்லை.

இன்னொரு காட்சி. முதலாளி தன் கம்பெனியின் விளம்பரப் படத்தில் தானே நடிக்கிறார். பின்னால் பனிமலை, பக்கத்தில் கலைமான்கள், இயற்கையின் நண்பர்கள் நாங்கள் என்று புன்னகை. 'கட்' சொன்னதும் மான்களின் நாற்றத்தைத் தாங்க முடியாமல் எரிந்து விழுகிறார். எக்ஸான் வால்டீஸ் கப்பல் அலாஸ்காக் கரையருகே பாறையில் மோதி ஒரு கோடிக்கும் மேற்பட்ட கேலன் எண்ணெயைக் கொட்டியது 1989 மார்ச்சில். ஐந்து வருஷம் கழித்து வந்த படம். அந்த ஒரு காட்சியில் சீகல் தப்பே செய்யவில்லை. ஆலை நடத்துகிறவர்கள் அச்சிட்டுக் கொடுக்கும் காலண்டர்களில் எத்தனை பறவை பார்த்திருக்கிறோம், சொல்லுங்கள்.

ஆனால் படத்தின் பெரிய பொய் புகையில் இல்லை. ஒரே ஆள் போய் முடித்துவிடுகிறான் என்பதில் இருக்கிறது. பழங்குடி மக்கள் அவனுக்கு மருந்து கொடுக்கிறார்கள், கனவு கொடுக்கிறார்கள், பிறகு ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். நம் ஊரில் நடந்ததைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இது எவ்வளவு பெரிய புளுகு என்று தெரியும். 1995-இல் ஆலை விரிவாக்க விழாவுக்கு மண்டேலா வந்தார். வென்ட்வொர்த், மியர்பேங்க் ஆட்கள் வாசலில் பதாகையோடு நின்றார்கள். அவர் வண்டியை நிறுத்தி அவர்களிடம் பேசினார். அந்தப் பேச்சோடு படம் முடிந்திருக்க வேண்டும், சினிமாவாக இருந்தால். இங்கே அதற்கு அப்புறம்தான் இடைவேளையே. 2000 வாக்கில் பிளாஸ்டிக் வாளிகள் வந்தன. கலிஃபோர்னியாவில் ஆலைகளின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்காக உருவான முறை அது. வாளிக்குள் ஒரு பை, ஒரு சின்ன பம்ப். நாற்றம் அடிக்கும் நேரம் பார்த்துக் காற்றைப் பிடித்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவது. பெண்களும் ஓய்வுபெற்றவர்களும் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நோட்டில் நேரம் குறித்தார்கள். செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் மருத்துவர்கள் ஆய்வு செய்தார்கள். பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் ஆஸ்துமா என்று வந்தது. தெற்கு டர்பனுக்கென்று அரசு தனித் திட்டம் போட்டது. 1965-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2004-இல் காற்றுத் தரச் சட்டம் வந்தது. வென்ட்வொர்த்தில் வளர்ந்த பாபி பீக் 1998-லும், தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணியின் டெஸ்மண்ட் டிசா 2014-லும் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது வாங்கினார்கள். இடையில் ஒரு நாள் டிசாவின் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். சீகல் படத்தில் நாயகன் வைத்த தீயைத்தான் பார்த்தோம்.

வெடிப்பும் நடந்தது. 2020 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை காலை. எஞ்சன் ஆலையில். அதை எந்த நாயகனும் நடத்தவில்லை, பின்னணி இசையும் இல்லை. காற்று எந்தப் பக்கம் என்று ஊரே வெளியே வந்து மேலே பார்த்தது. அடுத்த வருஷம், இனிச் சுத்திகரிப்பு இல்லை, சேமிப்புக் கிடங்காக மாற்றுகிறோம் என்று அறிவித்தார்கள். சாப்ரெஃப் 2022-இல் வேலையை நிறுத்தியது, அந்த ஏப்ரல் வெள்ளம் அதற்குள்ளும் புகுந்தது. 2024-இல் அரசு நிறுவனம் ஒன்று அதை ஒரு ரேண்டுக்கு வாங்கியது. ஒரு ரேண்டுக்கு இன்றைக்கு ஒரு சமோசாகூடக் கிடையாது.

இப்போது மூன்றாவது வரிக்கு வருகிறேன். "சிலர் மனம் புண்படக்கூடும்." யார் அந்தச் சிலர் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. மண்டபத்தின் முதல் இரண்டு வரிசையில் உட்காருகிறவர்கள். ஆலைச் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், கொதிகலன் பற்றவைத்தவர்கள், குழாய் பொருத்தியவர்கள். அவர்கள் எதிரே ஆலை வெடிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் விசில் அடித்தால் என்ன ஆகும் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எனக்குப் புரிகிறது, அக்கா. அது மரியாதையில் வரும் பயம். ஒரே வீட்டில் ஒருவர் வாளியில் காற்றுப் பிடித்ததும், இன்னொருவர் வேலிக்கு அந்தப் பக்கம் ஷிஃப்டுக்குப் போனதும், இரண்டு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதும் இந்த ஊரில் நடந்ததுதான். அந்த மேஜையில் பேசாமல் விட்டது நிறைய.

மாமாவிடம் நேரடியாகவே கேட்டேன். "நீங்க வேலை பார்த்த மாதிரி இடத்தைப் படத்துல வெடிக்க வைக்கிறான். உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "அவன் வெடிக்க வைக்கிறது அட்டை" என்றார். "எனக்குக் கஷ்டம் என்னன்னா, ஆலையைப் பூட்டினப்புறம் யாரும் என்கிட்ட ஒண்ணும் கேட்கலை. எந்தக் குழாய் பழசு, எந்த வால்வு ஒழுகும், எங்களுக்குத்தான் தெரியும். போராட்டம் பண்ணினவங்களும் கேட்கலை, கம்பெனிக்காரனும் கேட்கலை. சீகல் ஒருத்தன்தான் என்னைப் பேச வைக்கிறான்."

அதனால் என் வேண்டுகோளை மாற்றி எழுதுகிறேன். படத்தைப் போடுங்கள். ஆனால் கூத்து மாதிரிப் போடுங்கள். முதல் இரண்டு வரிசைக்காரர்கள் கையில் ஒரு மைக். அவர்கள் "நிறுத்து" என்றால் நான் நிறுத்துவேன். தப்பைக் கண்டுபிடித்தால் ஒரு சமோசா என்று பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கலாம், படத்தில் சமோசாவுக்குப் பஞ்சமே வராது. வென்ட்வொர்த் நண்பர்களையும் கூப்பிடலாம், அவர்களில் பாதிப் பேருக்கு இந்தப் படம் மனப்பாடம். கடைசிச் சொற்பொழிவு வரும்போது சத்தத்தை அணைத்துவிடுகிறேன். அவர் பாட்டுக்குக் கையை ஆட்டிக்கொண்டிருக்கட்டும். மைக் மாமாவிடம் போகட்டும், அப்புறம் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து நோட்டில் குறித்த ஆண்ட்டி ஒருவரிடம் போகட்டும்.

ப்ரொஜெக்டர் என்னுடையது. பிரியாணி அண்டாவும் பருப்பும் எங்கள் வீட்டுப் பொறுப்பு, டிக்கெட் பணம் முழுக்கத் தமிழ் வகுப்புக்கு. மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: மண்டபத்தின் கடல்பக்கத்து ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டுமாம். காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு மற்றதைத் திறக்கலாமாம்.

பதிலைத் தமிழிலேயே எழுதுங்கள். மூன்று வரிக்கு மேல் போனாலும் பரவாயில்லை, அகராதியை எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சனிக்கிழமை வகுப்பின் பழைய கடைசி பெஞ்சு மாணவன்
மியர்பேங்க், டர்பன்